வாசலிலேயே தொடங்கும் கோட்டை

வாசகர் கேள்வி – பதில்

மகனைப் பார்க்க ஒசாகாவுக்குப் புறப்படும் ஒரு தாய்க்கு, "நேரம் கிடைத்தால் ஒரு கோட்டையையும் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு ரங்கூனிலிருந்தும் மாந்தலேயிலிருந்தும் மோல்மேனிலிருந்தும் வந்த கடிதங்கள் மேசையில் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது ஜப்பானில் வேலை பார்க்கும் தெருக்கள் நம்மிடையே பெருகிவிட்ட காலம் இது. போகிறவர்கள் எதைப் பார்ப்பது என்று தெரிந்து போவது நல்லது. ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதையும் ஜப்பானியக் கோட்டைகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஏப்ரலில் மகனிடம் போகிறேன். அவனுக்கு ஒரு நாள்தான் விடுப்பு. ஒரே ஒரு கோட்டையைத்தான் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்ப்பது? அங்கே எதைக் கவனிப்பது?
— ரங்கூனிலிருந்து ஒரு தாய்

ஹிமேஜிக்குப் போங்கள், அம்மா. ஒசாகாவிலிருந்து விரைவு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும், அகன்ற நேர்ச்சாலையின் மறுமுனையில் வெள்ளை வெளேரென்று நிற்பதுதான் கோட்டை. இருபது நிமிடத்தில் நடந்தே போய்விடலாம். ஏப்ரல் தொடக்கம் செர்ரிப் பூக்களின் காலம் என்பதால் கூட்டம் அலைமோதும். காலை ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போதே வாசலில் நின்றுவிடுங்கள்.

நான் முதலில் போனபோது செய்த தவறை நீங்கள் செய்யக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். டென்ஷு என்று அழைக்கப்படும் அந்த நடுக்கோபுரத்தின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக விறுவிறுவென்று ஏறிப்போனேன். உச்சி மாடியில் நின்று ஊரைப் பார்த்துவிட்டு இறங்கி வரும்போதுதான், நான் கடந்து வந்த வழியே இந்தக் கோட்டையின் உண்மையான ஆயுதம் என்பது புரிந்தது. மறுமுறை போனபோது கோபுரத்துக்குள் நுழையவே இல்லை. வாசல்களுக்கு இடையிலேயே அரைநாள் நின்றேன்.

ஹிஷி வாசல் என்னும் பெரிய வாயிலைத் தாண்டியதும் கோபுரம் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதுபோலத் தோன்றும். அடுத்து வரும் வாசல்களுக்குப் பெயர்கள் இ, ரோ, ஹா, நி, ஹோ. நாம் அ, ஆ, இ என்று வரிசைப்படுத்துவதைப்போல அவர்களுடைய பழைய எழுத்து வரிசை அது. ரோ வாசலைக் கடந்ததும் ஒரு சரிவு மேலே ஏறுகிறது. அதன் பக்கச் சுவர் முழுவதும் வட்டமாகவும் முக்கோணமாகவும் துளைகள். ஏறிப்போகிற ஒவ்வோர் அடியிலும் உங்களை யாரோ குறிபார்க்க முடியும். ஹா வாசலுக்குப் பிறகு பாதை சட்டென்று திரும்பிக்கொள்கிறது. கோபுரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தவர் இப்போது அதற்கு முதுகைக் காட்டி நடக்க வேண்டியிருக்கும். நி வாசலின் கூரையோ தாழ்வானது. வேல் பிடித்த வீரன் அதைச் சாய்த்துக்கொண்டுதான் நுழைய முடியும். அதற்கப்பால் ஹோ வாசல்: இரும்புத் தகடு போர்த்திய, ஓர் ஆள் நுழையும் அளவே உள்ள திட்டிவாசல். ஆயிரம் பேர் கொண்ட படையானாலும் இந்த இடத்தில் ஒவ்வொருவராகத்தான் வர வேண்டும். வந்தவர்களுக்கு அதன்பின் பாதை மேலே ஏறாமல் கீழே இறங்குகிறது. கோபுரம் தலைக்கு மேலே நிற்க, கால் பள்ளத்தை நோக்கிப் போகும்போது, தான் வழி தவறிவிட்டோமோ என்ற ஐயம் எவருக்கும் வரும். கட்டியவர்கள் விரும்பியதும் அதைத்தான்.

ஹோ வாசலை ஒட்டி மஞ்சள் கலந்த மண்நிறத்தில் ஒரு பழைய சுவர் நிற்கிறது. எண்ணெய்ச் சுவர் என்று பெயர். சுற்றியுள்ளவை எல்லாம் வெள்ளைப் பூச்சுடன் இருக்க, இது மட்டும் அடுக்கடுக்காக இடித்துக் கெட்டிப்படுத்திய மண்ணாகவே நிற்பதால் கண்ணுக்கு உடனே தெரியும். அதற்கு அருகில் கல்மதிலை நிமிர்ந்து பாருங்கள்: கம்பிவலைக்குள் ஒரு சிறிய கல் இருக்கும். அப்பம் விற்ற ஏழைக் கிழவி ஒருத்தி, கோட்டைக்குக் கல் போதவில்லை என்று கேள்விப்பட்டுத் தன் திரிகைக் கல்லைக் கொடுத்துவிட்டாள் என்பது கதை. கதை நடந்ததோ இல்லையோ, கல் பஞ்சம் உண்மைதான். கல்லறைப் பெட்டிகளையும் கல்விளக்குகளையும்கூட மதிலில் வைத்துக் கட்டியிருப்பதை நீங்களே காணலாம்.

இப்போதுள்ள கோபுரத்தை இக்கெதா தெருமாசா என்ற சிற்றரசர் 1609ஆம் ஆண்டில் கட்டி முடித்தார். இத்தனை ஏற்பாடும் செய்த கோட்டையை எந்தப் படையும் முற்றுகையிடவே இல்லை. 1945 ஜூலையில் விமானங்கள் ஹிமேஜி நகரத்தை எரித்த இரவிலும் கோபுரம் தப்பி நின்றது; அதன் உச்சியில் விழுந்த தீக்குண்டு பற்றாமல் போனதாகச் சொல்கிறார்கள்.

கேள்வி: எங்கள் ஊர் அரண்மனை போரில் எரிந்து, பிறகு காங்கிரீட்டில் எழுப்பப்பட்டது. ஜப்பானியக் கோட்டைகளும் பெரும்பாலும் அப்படித்தான் என்று ஒருவர் சொன்னார். உண்மையில் பழையவை எத்தனை?
— மாந்தலே, ஒரு பள்ளி ஆசிரியை

நடுக்கோபுரங்களை மட்டும் கணக்கிட்டால் பன்னிரண்டு. ஹிரோசாக்கி, மட்சுமோட்டோ, மருவோக்கா, இனுயாமா, ஹிக்கோனே, ஹிமேஜி, மட்சுயே, பிட்சூ மட்சுயாமா, மருகாமே, மட்சுயாமா, கோச்சி, ஊவாஜிமா. இவற்றில் ஹிமேஜி, மட்சுமோட்டோ, இனுயாமா, ஹிக்கோனே, மட்சுயே என்ற ஐந்தும் தேசியப் பொக்கிஷம் என்ற தகுதி பெற்றவை. மட்சுயே 2015இல்தான் அந்த வரிசையில் சேர்ந்தது.

ஒரு காலத்தில் மலைக்கு மலை கோட்டை இருந்த நாடு அது. 1615இல், அப்போது நாட்டை ஆண்ட தொக்குகாவா அரசு, ஓர் ஆட்சிப்பகுதிக்கு ஒரு கோட்டைக்கு மேல் கூடாது என்று ஆணையிட்டபோது பெரும் எண்ணிக்கையில் இடிக்கப்பட்டன. 1873இல், அதற்குப்பின் வந்த மேஜி அரசு கோட்டைகளைக் கைவிடும் ஆணையைப் பிறப்பித்தபோது மரமும் ஓடும் ஏலத்துக்குப் போயின. எஞ்சி, இரண்டாம் உலகப் போர் வரை நின்ற கோபுரங்கள் இருபது. நகோயா, ஒக்காயாமா, வக்காயாமா, ஓகாக்கி, ஃபுக்குயாமா, ஹிரோஷிமா, மீத்தோ ஆகிய ஏழும் 1945இன் குண்டுவீச்சில் அழிந்தன. மட்சுமாயே 1949இல் தீயில் போயிற்று. பிறகு பல ஊர்கள் தங்கள் கோபுரத்தைக் காங்கிரீட்டில் திரும்ப எழுப்பிக்கொண்டன. நகோயாவின் காங்கிரீட் கோபுரம் 1959இல் எழுந்தது.

ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. மாந்தலேயில் இன்றைக்கும் மிண்டோன் மன்னர் காலத்து அரண்மனையைக் கண்ணால் காண வேண்டும் என்பவர் எங்கே போக வேண்டும்? மதிலுக்கு வெளியே இருக்கும் ஷ்வேநந்தோ மடத்துக்குத்தான். அரண்மனை வளாகத்திலிருந்து பிரித்தெடுத்து வெளியே கொண்டுபோய் மடமாக எழுப்பியதால், 1945 மார்ச்சில் உள்ளே எல்லாம் எரிந்தபோது அந்தத் தேக்குமரச் செதுக்கல்கள் மட்டும் பிழைத்துக்கொண்டன. ஜப்பானிலும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். கோபுரம் புதியது என்பதாலேயே கோட்டை புதியதாகிவிடாது. நகோயாவில் கோபுரம் எரிந்தாலும் மூன்று மூலைக்கொத்தளங்கள் பழையவையாகவே நிற்கின்றன. கனசாவாவில் நடுக்கோபுரமே இல்லை. ஆனால் 1788ஆம் ஆண்டின் இஷிக்காவா வாசல், ஈயத் தகடு வேய்ந்த வெண்கூரையோடு நிற்கிறது. ஹிரோசாக்கியில் ஐந்து வாசல்களும் மூன்று கொத்தளங்களும் அப்படியே இருக்கின்றன. பழையது எது என்று அறிய எளிய வழி உண்டு: வாசற்கதவின் நிலைமரத்தைப் பாருங்கள். முந்நூறு, நானூறு ஆண்டு மழையும் வெயிலும் பட்ட மரத்தில் மென்பகுதி தேய்ந்து, ரேகைகள் நரம்புபோல் புடைத்திருக்கும். எந்தப் பெயர்ப்பலகையும் சொல்லாததை அந்த மரம் சொல்லும்.

கேள்வி: சென்ற ஆண்டு ஒசாகா கோட்டைக்குப் போனேன். மின்தூக்கியில் ஏறி, கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்து, கீழே இறங்கினேன். கோட்டைக்குப் போய்வந்த உணர்வே வரவில்லை. எதையாவது தவறவிட்டேனா?
— பெகு, ஓர் அரிசி வியாபாரி

ஐயா, தவறவிட்டது பெரிது. ஆனால் நீங்கள் அதன் நடுவில்தான் நடந்து போயிருக்கிறீர்கள். அந்தக் கோபுரம் 1931இல் நகரமக்களின் நன்கொடையில் கட்டப்பட்ட காங்கிரீட் கட்டடம். அதற்கும் இப்போது ஒரு வரலாற்று மதிப்பு உண்டு. ஆனால் ஒசாகாவின் மகிமை கல்லில் இருக்கிறது. 1620 முதல் 1629 வரை, அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றரசர்களிடம் தொக்குகாவா அரசு வேலையைப் பங்கிட்டுக் கொடுத்து எழுப்பிய மதில்கள் அவை. அகழியின் அடியிலிருந்து அளந்தால் சில இடங்களில் ஏறக்குறைய 30 மீட்டர் உயரம். யார் கொண்டுவந்த கல் யாருடையது என்று தகராறு வரக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு சிற்றரசரும் தம் கற்களில் அடையாளம் பொறித்தார்: வட்டம், குறுக்குக்கோடு, குடும்பச் சின்னம். மாலை வெயில் சாய்வாக விழும்போது மதிலை ஒட்டி நின்று பாருங்கள், அந்த உளிக்குறிகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கும்.

நீங்கள் நுழைந்த வாசலுக்கு மசுகதா என்று பெயர். மசு என்பது அரிசி அளக்கும் சதுர மரப்பெட்டி. இங்கே நம் கடைகளில் பியி இருப்பதைப்போல. அரிசி அளப்பவரான உங்களுக்கு இது சட்டென்று விளங்கும். வெளிவாசலைக் கடந்ததும் நாற்புறமும் மதில் சூழ்ந்த ஒரு சதுர முற்றம். உள்வாசல் நேரே இராது, பக்கவாட்டில் திரும்பித்தான் இருக்கும். ஓடிவரும் படை இந்தப் பெட்டிக்குள் நின்று திரும்ப வேண்டும். திரும்புவதற்குள் உள்வாசலின் மேல்மாடத்திலிருந்தும் சுற்றுமதிலிலிருந்தும் அம்பும் குண்டும் விழும். பெட்டி கொள்ளும் அளவு ஆட்கள்தான் ஒருமுறைக்கு உள்ளே வர முடியும். அளந்து அளந்து அழிக்கலாம். பெயரை வைத்தவர் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்.

சக்குரா வாசலின் மசுகதாவுக்குள் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் நிற்பது ஒரே கல். டாக்கோ கல் என்பார்கள். முகப்பின் பரப்பு ஏறக்குறைய 59 சதுர மீட்டர், எடை சுமார் 108 டன் என்று மதிப்பிடுகிறார்கள். இப்படிப்பட்ட கற்களின் முகம் பெரிதே தவிர, அந்த அளவுக்குத் தடிப்பு இல்லை. பாதுகாப்புக்கு இத்தனை பெரிய கல் தேவையே இல்லை. வந்து நிற்பவன் நண்பனானாலும் பகைவனானாலும், "இதைக் கடல்கடந்து கொண்டுவர முடிந்தவனோடு மோதுவதா?" என்று ஒரு கணம் நினைக்க வேண்டும் என்பதற்காக வைத்தது.

அடுத்தமுறை போனால், ஓத்தெ வாசலுக்கு அருகே 1620இல் கட்டிய செங்கான் கொத்தளத்தையும், 1685இன் வெடிமருந்துக் கிடங்கையும் தேடிப் பாருங்கள். சுவர், தரை, கூரை எல்லாமே கல்லாலான கிடங்கு அது. 1660இல் இடி விழுந்து வெடிமருந்து வெடித்ததில் கோட்டையே குலுங்கியது. அந்த அனுபவத்துக்குப் பிறகு கட்டியது என்பதை அதன் சுவர்க்கனமே சொல்லிவிடும்.

கேள்வி: மதில் துளைகள் ஏன் பல வடிவங்களில் இருக்கின்றன?
— பசீன், ஒரு வாசகர்

நின்றவாக்கில் நீண்ட செவ்வகம் வில்லாளிக்கு. வட்டம், முக்கோணம், சதுரம் ஆகியவை துப்பாக்கிக்கு. போர்ச்சுக்கீசியரோடு துப்பாக்கி ஜப்பானுக்கு வந்தது 1543இல். துளைகள் உள்ளே அகன்றும் வெளியே குறுகியும் இருப்பதால் உள்ளிருப்பவர் இப்படியும் அப்படியும் குறிபார்க்கலாம், வெளியிலிருப்பவருக்கு ஒரு சிறு புள்ளிதான் தெரியும். ஒருமுறை குனிந்து, முழங்காலிட்டு, ஒரு முக்கோணத் துளை வழியாகப் பாருங்கள். நீங்கள் சற்றுமுன் கவலையில்லாமல் நடந்து வந்த பாதை அதற்குள் கச்சிதமாக அடங்கியிருக்கும்.

கேள்வி: எதிரியை ஏமாற்றும் வாசல்கள் ஜப்பானில் உண்டாமே? எங்கே?
— தட்டோன், எட்டாம் வகுப்பு மாணவன்

நல்ல கேள்வி, தம்பி. இதற்கு மட்சுயாமா கோட்டையைவிடச் சிறந்த இடம் கிடையாது. ஷிக்கோக்கு தீவில், நகரத்தின் நடுவே எழும் குன்றின்மேல் இருக்கிறது. பாதி தூரம் கம்பிவடத் தொட்டிலில் ஏறிவிடலாம்.

மேலே போனால் முதலில் கதவே இல்லாத ஒரு வாசல் வருகிறது. அதன் பெயரே கதவில்லா வாசல்தான். கதவில்லாததைக் கண்ட எதிரி என்ன செய்வான்? தடையில்லை என்று உற்சாகமாக உள்ளே பாய்வான். பாய்ந்தவன் எதிரே, கனத்த கதவுகளோடு சுத்சுயி வாசல் மூடிக் கிடக்கும். எல்லோரும் அதை உடைப்பதில் மும்முரமாக இருக்கும்போது, பக்கத்தில் மதிலின் மடிப்புக்குப் பின்னால் மறைந்திருக்கும் இன்னொரு சிறு வாசல் திறக்கும். அதன் பெயர் மறைவு வாசல். உள்ளிருந்து வரும் வீரர்கள் எதிரியின் முதுகுப்பக்கத்தில் வந்து நிற்பார்கள். அங்கே போகும் வாய்ப்பு வந்தால், சுத்சுயி வாசலுக்கு முன்னால் நின்று மறைவு வாசல் எங்கே என்று யாரையும் கேட்காமல் தேடிப்பார். எனக்குக் கண்டுபிடிக்க இரண்டு சுற்றுத் தேவைப்பட்டது.

ஹிக்கோனேயில் வேறு மாதிரி. அங்கே ஆழமாக வெட்டிய ஒரு பள்ளத்தின் குறுக்கே மரப்பாலம். ஆபத்து வந்தால் பாலத்தைத் தகர்த்துவிட்டால் போதும், துலாக்கோல்போல் இரு தோள்களையும் விரித்து நிற்கும் கொத்தளத்தை எவரும் எட்ட முடியாது. அதன் பெயரும் துலாக்கொத்தளம்தான். அதே கோட்டையின் நடுக்கோபுரத்தில் எய்துளைகளை வெளிப்புறம் சுண்ணாம்பு பூசி மூடியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைச் சுவர். போர் வந்தால் உள்ளிருந்து குத்தித் திறந்துகொள்ளலாம்.

கேள்வி: சுண்ணாம்பு வைத்துப் பூசாமல் அடுக்கிய கல்மதில் நிலநடுக்கத்தில் எப்படி நிற்கிறது? நம் நாட்டில் நடந்ததைப் பார்த்தபின் இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.
— சகாயிங், ஓய்வுபெற்ற மேஸ்திரி

மேஸ்திரி ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டுமுறை படித்தேன். 2025 மார்ச் 28ஆம் நாள் நம் மண் ஆடியதும், மாந்தலே அரண்மனை மதிலின் பகுதிகள் சரிந்ததும் மனத்தில் இருக்க, உங்களைப் போன்ற ஒரு கட்டடக்காரர் இதைக் கேட்கும்போது மேலோட்டமாகப் பதில் சொல்ல முடியாது.

அந்த மதில்கள் தனித்து நிற்கும் சுவர்கள் அல்ல. மண்மேட்டின் சரிவுக்குப் போர்த்திய கல்போர்வை என்று சொல்வதே சரி. வெளியே தெரியும் கல்லின் முகம் சிறிது. வால் நீளமாக உள்ளே போயிருக்கும். அதன் பின்னால் மண்ணுக்கும் கல்லுக்கும் இடையே, கைப்பிடிக்குள் அடங்கும் கூழாங்கற்களை ஒன்றிரண்டு மீட்டர் கனத்துக்கு நிரப்பியிருப்பார்கள். மழைநீர் அதன் வழியே வடிந்துவிடும். நீர் தேங்கி மண் ஊதி மதிலைத் தள்ளுவது நேராது. ஆட்டம் வந்தாலும் இறுக்கிப் பூசிய சுவரைப்போல் ஒரே கோட்டில் பிளக்காமல், கற்கள் சற்றே அசைந்து திரும்பவும் அமர்ந்துகொள்ளும். மூலைகளில் நீளக்கற்களை ஒருவரிசை இந்தப் பக்கம், மறுவரிசை அந்தப் பக்கம் என மாற்றி மாற்றிப் பின்னியிருப்பார்கள். எடை மூலையில் இறங்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செதுக்காத கல்லை அப்படியே அடுக்குவது பழைய முறை. விளிம்பை மட்டும் தட்டிச் சேர்ப்பது அடுத்தது. கத்தி நுழையாத அளவுக்கு இழைத்துப் பொருத்துவது பிற்காலத்தது. அழகு கடைசி வகைக்கு. எனக்குப் பிடித்தது முதல் வகை.

இந்தக் கலையின் உச்சம் குமாமோட்டோ. கட்டோ கியோமாசா என்ற சிற்றரசர் 1607இல் முடித்த கோட்டை. மதில் அடியில் சாய்வாகத் தொடங்கும். ஏறுபவன் எளிது என்று நினைத்து ஏறுவான். மேலே போகப் போக அது செங்குத்தாகி, உச்சியில் கைவைக்க இடமில்லாமல் போய்விடும். வீரனைத் திருப்பியனுப்பும் மதில் என்று இதற்குப் பெயர். 1877இல் சட்சுமா கிளர்ச்சிப் படை இந்தக் கோட்டையை ஐம்பது நாட்களுக்கு மேல் முற்றுகையிட்டும் உள்ளே நுழைய முடியவில்லை. ஏறக்குறைய 270 ஆண்டுகளுக்கு முன்னால் இறந்துபோன ஒருவரின் கணக்கு அன்றும் தவறவில்லை.

அப்படிப்பட்ட மதிலும் 2016 ஏப்ரலில் அடுத்தடுத்து வந்த இரண்டு நிலநடுக்கங்களில் பல இடங்களில் சரிந்தது. ஈதா கொத்தளத்தின் அடியில் கற்கள் எல்லாம் சரிந்துபோக, மூலையில் பின்னிய ஒரே ஒரு கல்வரிசை மட்டும் தூண்போல நின்று மேலிருந்த கட்டடத்தைத் தாங்கியது. நான் மேலே சொன்ன மூலைப் பின்னலின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். இப்போது அங்கே, விழுந்த கற்களுக்கு எண் எழுதி, பழைய நிழற்படங்களோடு ஒப்பிட்டு, எந்தக் கல் எங்கே இருந்ததோ அங்கேயே திரும்ப வைக்கிறார்கள். நடுக்கோபுரம் 2021இல் திறந்துவிட்டது. முழுவேலையும் 2052 வரை நடக்கும் என்று திட்டம். எண் எழுதிய கற்கள் வரிசையாகப் படுத்துக் கிடப்பதை, வேலைக்கு மேலாக அமைத்த நடைபாலத்திலிருந்து பார்க்கலாம். சிதைந்த நிலையிலும் மக்களுக்குத் திறந்து காட்டுகிறார்களே, அது எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகப் பட்டது. நம் மாந்தலே மதிலின் ஒவ்வொரு செங்கல்லுக்கும் அப்படியொரு பொறுமை கிடைக்க வேண்டும் என்று உளமார விரும்புகிறேன்.

கேள்வி: எனக்கு முழங்கால் வலி. கோட்டைப் படிகள் ஏற முடியுமா?
— ரங்கூன், ஒரு வாசகி

பழைய மரக்கோபுரங்களின் உள்ளே ஏற வேண்டாம், அம்மா. மட்சுமோட்டோவிலும் ஹிக்கோனேயிலும் படிக்கட்டுகளின் சரிவு 60 பாகைக்கு மேல். படிக்கட்டு என்பதைவிட ஏணி என்பதே பொருந்தும். மாந்தலே மலைப்படிகள் எண்ணிக்கையில் மிகுதியானாலும் ஒவ்வொன்றும் மனிதர் ஏறும் உயரம். இவையோ எதிரி ஏறக்கூடாது என்று வைத்த உயரம். வாசலில் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு, வழுவழுத்த பலகையில் காலுறையோடு ஏற வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம்.

வருத்தப்பட வேண்டியதில்லை. மட்சுமோட்டோவின் அழகு வெளியே இருக்கிறது: கறுப்பு அரக்குப் பலகை போர்த்திய கோபுரம் அகழி நீரில் தலைகீழாகத் தெரியும். அகழியின் அகலம் ஏறக்குறைய 60 மீட்டர். அக்காலத்துத் துப்பாக்கி எவ்வளவு தூரம் குறி தவறாமல் சுடும் என்பதைக் கொண்டு தீர்மானித்தது. நம் மாந்தலே அகழியும் ஏறக்குறைய அதே அகலம்தான். கோபுரத்தை ஒட்டி, சிவப்புக் கைப்பிடியோடு திறந்த மாடமாக இருப்பது நிலா பார்க்கும் மண்டபம். அது அமைதிக் காலத்தில், 1630களில் சேர்த்தது. எய்துளையோ கல்வீசும் திறப்போ அதில் கிடையாது. போருக்குக் கட்டியதும் நிலவுக்குக் கட்டியதும் தோளோடு தோள் ஒட்டி நிற்பதைக் கரையிலிருந்தே பார்த்துவிடலாம்.

கேள்வி: கியோட்டோ நிஜோ கோட்டையில், கள்வன் நடந்தால் தரையே கூவிக் காட்டிக்கொடுக்குமாமே?
— மோல்மேன், ஒரு வாசகர்

தரை கூவுவது உண்மை. குருவி கீச்சிடுவதைப்போல ஒலிக்கும். காரணம், பலகைக்கு அடியில் உள்ள இரும்புப் பிடிப்புகளும் ஆணிகளும் மிதிக்கும்போது ஒன்றோடொன்று உரசுவது. கள்வனுக்காகவே திட்டமிட்டுச் செய்தது என்ற கதையைக் கோட்டையினரே ஏற்பதில்லை; நாளடைவில் ஆணிகள் தளர்ந்ததால் வந்த ஒலி என்று அங்கேயே விளக்கப் பலகை வைத்திருக்கிறார்கள். கதை போய்விட்டதே என்று எண்ண வேண்டாம். நிஜோவின் இரண்டாம் அரண்மனை, கோட்டைக்குள் இருந்த அரண்மனை எப்படி இருந்தது என்பதை இன்றும் முழுமையாகக் காட்டும் மிகச் சில இடங்களில் ஒன்று.

கேள்வி: என் தாத்தாவை ஜப்பான் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள்; திரும்பி வரவில்லை. அவர்கள் கோட்டைகளை நாம் ரசிக்கத்தான் வேண்டுமா?
— தட்டோன், ஒரு வாசகர்

ரசிக்க வேண்டும் என்று எவரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, நானும் செய்யமாட்டேன். நம் குடும்பங்களில் அந்தக் காலத்துக் காயம் இல்லாத குடும்பம் குறைவு. என் வீட்டிலும் உண்டு.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மதில்கள் எழுந்தது ஏறக்குறைய 1570க்கும் 1640க்கும் இடையில். கல் இழுத்தவர்கள் குடியானவர்கள், கூலிகள். 1873க்குப் பிறகு பல கோட்டைகள் புதிய படையின் பாசறைகளாயின. ஹிரோஷிமா கோட்டைக்குள் 1894இல் போர்த் தலைமையகம் இயங்கியது. அதன் அடித்தளக் கற்கள் இன்றும் புல்லுக்கிடையே தெரிகின்றன. ஒசாகா கோட்டையைச் சுற்றிப் பெரிய ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. போர் முடிவதற்கு முந்தின நாள், 1945 ஆகஸ்ட் 14இல், அதன்மேல் குண்டு பொழிந்தபோது அக்கம்பக்கத்து எளியவர்களும் மாண்டார்கள். ஆகவே இந்தக் கோட்டைகளில் உங்கள் தாத்தாவின் காலமும் பதிந்திருக்கிறது. மாந்தலே கோட்டைக்குள்ளும் அதே ஆண்டு மார்ச்சில் ஜப்பானியப் படை பதுங்கி நின்றது. வெளியிலிருந்து பீரங்கியும் விமானமும் தாக்க, அரண்மனை எரிந்தது. மிண்டோன் மன்னர் வேறு எதற்கோ கட்டிய மதிலை வேறு யாரோ வேறு போருக்குப் பயன்படுத்தினார்கள். அங்கேயும் நடந்தது அதுதான். நீங்கள் போக நேர்ந்தால் இதையும் நினைவில் கொண்டு போங்கள். போக மனமில்லை என்றாலும் அது சரியே.

கேள்வி: தோக்கியோ பக்கம் வேலை. கையில் பணம் குறைவு, மாதத்துக்கு இரண்டு ஞாயிறு ஓய்வு. எனக்கு எந்தக் கோட்டை?
— ஜப்பானிலிருந்து நம் வாசகர் ஒருவர்

தம்பி, முதல் ஞாயிற்றுக்கிழமை பேரரசர் அரண்மனையின் கிழக்குத் தோட்டத்துக்குப் போங்கள். கட்டணம் இல்லை, திங்களும் வெள்ளியும் மூடியிருக்கும், ஞாயிறு திறந்திருக்கும். பழைய எடோ கோட்டையின் உள்வட்டம் அதுதான்; எடோ என்பது தோக்கியோவின் பழைய பெயர். ஓத்தெ வாசல் வழியாக நுழைந்து, நூறு காவலர் தங்கிய நீண்ட காவற்கூடத்தைக் கடந்து மேலே போனால், கோபுரமில்லாத ஒரு பெரிய கல்மேடை வரும். 1657இன் பெருந்தீயில் கோபுரம் எரிந்தபின், நகரத்தை மீட்பதே முதன்மை என்று அதைத் திரும்பக் கட்டாமல் விட்டுவிட்டார்கள். வெளியே வந்து அகழியோரமாகத் தெற்கே நடந்தால் சக்குராதா வாசல். பெகு வாசகருக்குச் சொன்ன அரிசிப்பெட்டி முற்றத்தை அங்கே முழு உருவில் காணலாம்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, ரயில் செலவுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு, ஷிசுவோக்கா மாவட்டத்தின் மிஷிமாவுக்குப் போய், அங்கிருந்து பேருந்தில் யாமானக்கா கோட்டைக்கு ஏறுங்கள். கோபுரமும் இல்லை, கல்மதிலும் இல்லை, முழுவதும் மண். ஹோஜோ குடியினர் வெட்டிய வறண்ட அகழிகளின் தரையில் குறுக்கும் நெடுக்குமாக மண்வரப்புகளை விட்டுவைத்திருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் பாத்திகட்டிய வயல்போல இருக்கும். உள்ளே விழுந்தவன் ஒரு குழியிலிருந்து ஏறி அடுத்த குழியில் விழ வேண்டும். செம்மண் ஈரமானால் கால் வழுக்கும். இத்தனை இருந்தும் 1590இல், ஜப்பானை ஒரே ஆட்சிக்குள் கொண்டுவந்த ஹிதேயோஷியின் பெரும்படை அரைநாளில் அதைப் பிடித்துவிட்டது, ஏனென்றால் உள்ளிருந்தவர்கள் சில ஆயிரம் பேர், வந்தவர்களோ பல பத்தாயிரம்.

இப்போது வரப்புகள் சிதையாதிருக்கப் புல் வளர்த்திருக்கிறார்கள். அகழிக்குள் இறங்க அனுமதியில்லை, ஓரப்பாதையில் நடந்தே எல்லாவற்றையும் பார்க்கலாம். மழைக்கு மறுநாள் போவதானால் அடி பிடிக்கும் காலணி அணியுங்கள். வானம் தெளிவாக இருந்தால் மேல்விளிம்பில் நிற்கும்போது ஃபூஜி மலை தெரியும். சோறு கட்டிக்கொண்டு போங்கள்.